காற்றாலைகள் கண்ணெதிரே சுழல்கின்றன, மின்கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

கேள்வி: சின்னவேடம்பட்டி பட்டறை

அனைவருக்கும் வணக்கம். கோவை சின்னவேடம்பட்டியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருகிறேன். பம்பு செட்டுக்கான ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. ஆறு லேத், ஒரு மில்லிங், கணினிக் கட்டளைப்படி ஓடும் சி.என்.சி. இயந்திரம் ஒன்று, ஒரு கம்ப்ரஸர், எட்டுத் தொழிலாளர்கள். இரண்டு சி.என்.சி. வாங்கும் எண்ணத்தில் 2011-இல் 60 கிலோவாட்டுக்கு இணைப்பு எடுத்தேன். தொழில் நினைத்தபடி வளராததால் ஒன்றைத்தான் வாங்க முடிந்தது.

என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் செய்தி இதுதான். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இணைப்பின் அளவுக்காக மாதந்தோறும் கட்டும் நிலைக்கட்டணம் 2022 செப்டம்பர் வரை கிலோவாட்டுக்கு 35 ரூபாய். மாதம் 2,100 ரூபாய் கட்டினேன். அந்த மாதம் வந்த மின்கட்டண ஆணைக்குப் பிறகு என் போன்ற இணைப்புக்கு அது கிலோவாட்டுக்கு 150 ரூபாயாகி, 9,000 ரூபாயில் போய் நின்றது. 2023 ஜூலையில் 2.18 விழுக்காடு, 2024 ஜூலையில் 4.83 விழுக்காடு, 2025 ஜூலையில் 3.16 விழுக்காடு என்று அதற்குப் பிறகும் கட்டணம் உயர்ந்தது. ஆர்டர் இல்லாமல் பாதி நாள் பட்டறையைப் பூட்டி வைத்த மாதத்திலும் நிலைக்கட்டணம் ஒரு ரூபாய் குறையவில்லை. கூலியோ ஷாஃப்டுக்கு நான்கு ஆண்டுகளாக அதே தொகைதான்.

என் சொந்த ஊர் குடிமங்கலம் பக்கம். வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போகும்போது, பல்லடம் தாண்டியதிலிருந்து சாலையின் இருபுறமும் காற்றாலைகள்தாம். வழியில் புதிதாகச் சூரிய மின்பலகைகள் பதித்த காடுகளும் கண்ணில் படுகின்றன. காற்றுக்கும் வெயிலுக்கும் யாரும் விலை கொடுப்பதில்லை. அப்படியிருக்க, அந்த மின்சாரம் கூடக் கூட என் கட்டணம் குறையத்தானே வேண்டும்? கம்பிப் பாதையை மேம்படுத்தவே செலவு என்கிறார்கள். அந்தச் செலவை என் போன்ற சிறு பட்டறைக்காரரின் தலையில் வைப்பது முறைதானா? பட்டறைக் கூரையில் 20 கிலோவாட் சூரிய மின்பலகை அமைத்தால் இந்தச் சுமையிலிருந்து விடுபட முடியுமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற மின்பொறியாளர், ஈரோடு

ஐயா, வணக்கம். முப்பத்து மூன்று ஆண்டுகள் மின்துறையில் இருந்தேன், பெரும்பகுதி துணை மின்நிலையங்களில். உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குள் மூன்று செலவுகள் கலந்திருக்கின்றன. மின்சாரத்தை உண்டாக்குவது ஒன்று, அதைச் சுமந்து வந்து உங்கள் மீட்டரில் சேர்ப்பது இன்னொன்று, கேட்ட நொடியில் கிடைக்கும்படி ஆயத்தமாக வைத்திருப்பது மூன்றாவது. காற்றும் வெயிலும் குறைத்திருப்பது முதல் செலவை மட்டுமே. இன்று நாட்டின் ஏலங்களில் சூரிய மின்சாரத்தை யூனிட் மூன்று ரூபாய்க்கும் குறைவாகத் தர நிறுவனங்கள் முன்வருவது உண்மை. ஆனால் அது அந்தப் பண்ணையின் வாசலில் உள்ள விலை. அங்கிருந்து சின்னவேடம்பட்டிக்கு வரும் வழியில் மற்ற இரண்டு செலவுகளும் சேர்ந்துகொள்கின்றன. காற்றும் வெயிலும் பெருகப் பெருக அந்த இரண்டும் சில காலம் கூடத்தான் செய்யும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரக் காற்றாலைகள் நிற்கின்றன. மே மாதத்தில் தொடங்கி செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். மார்கழியில் அதே காற்றாலை பல நாள் சும்மா நிற்கும். ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால், ஒரு காற்றாலை தன் முழுத் திறனில் கால் பங்கு அளவுக்குத்தான் மின்சாரம் தருகிறது. ஆனால் அதற்கான கம்பியையும் ட்ரான்ஸ்பார்மரையும் முழுத் திறனுக்கே அமைத்தாக வேண்டும். முகூர்த்த நாளின் கூட்டத்துக்காகக் கட்டிய கல்யாண மண்டபம் போல, ஆண்டில் பல மாதம் பாதி காலியாகக் கிடக்கும் பாதைக்கும் கடனும் வட்டியும் பராமரிப்பும் உண்டு.

பாதை போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். காற்றுப் பருவத்தில் ஒரு மாலை பணியில் இருந்தபோது, ஒரு மின்பாதையின் அம்மீட்டர் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தது. மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. காற்றாலைகளைக் குறைக்கச் சொல்லி வரிசையாக ஒவ்வோர் இணைப்பாக நிறுத்தினோம். வெளியே மரக்கிளைகள் முறியும் அளவுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அன்றிரவு திருப்பூர்ப் பக்கம் மின்வெட்டும் இருந்தது. 2012-ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளின் மின்வெட்டு கொங்கு நாட்டுத் தறிக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் நன்றாக நினைவிருக்கும். மின்சாரம் ஒரு பக்கம், தேவை இன்னொரு பக்கம், நடுவில் கம்பி இல்லை. தேனி மாவட்டத் தப்பகுண்டு, உடுமலை ஆனைக்கடவு, ராசிபாளையம் ஆகிய இடங்களின் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் இந்தக் குறையைத் தீர்க்கவே அமைந்தன. பசுமை மின்வழித்தடம் என்ற அந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தில் 40 விழுக்காடு மத்திய அரசின் மானியம், 40 விழுக்காடு ஜெர்மானிய வங்கிக் கடன், மீதி 20 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. கடனும் மாநிலப் பங்கும் இறுதியில் கட்டணமாகத்தான் நம்மிடம் வரும்.

மூன்றாவது செலவு பலர் கண்ணுக்குப் படுவதில்லை. சூரியன் மறையும் வேளையில்தான் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏறுகின்றன. அந்த நேரத்துக்காக மேட்டூர் போன்ற அனல் நிலையங்களை நிறுத்தாமல் வைத்திருக்க வேண்டும். நிலக்கரிக் கொதிகலன் நம் வீட்டு அடுப்பைப் போன்றதன்று. பகலில் அணைத்து மாலையில் பற்றவைக்க இயலாது. பகலில் குறைவாக ஓடினாலும், வாங்காத மின்சாரத்துக்கும் ஒப்பந்தப்படி நிலைச்செலவைக் கொடுத்தாக வேண்டும். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆண்டில் சில நாள்களே எட்டும் அந்த உயரத்துக்கும் ஏற்பாடு வேண்டும்.

இதற்கு நம் மலைகளிலேயே ஒரு விடை இருக்கிறது. ஆனைமலையின் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்று நீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை கூடும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்ற நான்கு யூனிட் செலவிட்டால் இறக்கும்போது ஏறக்குறைய மூன்று கிடைக்கும். ஆடிக் காற்றை மாலை விளக்குக்கு மாற்ற அந்த ஒரு யூனிட் இழப்பு பெரிதன்று. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டுக்குக் கட்டப்பட்டு வருகிறது. இந்த வேலை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேகமெடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததால்தான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. மலையையும் நீரையும் மின்சாரமாக்குவது நமக்குப் புதிய வித்தை அன்று.

இனி உங்கள் நிலைக்கட்டணம். நீங்கள் பட்டறையைப் பூட்டினாலும் உங்கள் 60 கிலோவாட்டுக்காக ட்ரான்ஸ்பார்மரில் இடம் காத்திருக்கிறது; ஆகவே அப்படி ஒரு கட்டணம் இருப்பது முறையே. ஆனால் 35 ரூபாயை ஒரே ஆணையில் 150 ஆக்கியது சிறுதொழிலைப் பற்றிச் சிறிதும் எண்ணாத செயல். ஐந்தாறு ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றியிருந்தால், நீங்களும் கூலியில் கேட்டு வாங்கியிருப்பீர்கள். உச்ச நேரக் கட்டணத்திலும் எனக்குக் குறை உண்டு. மாலை 6 முதல் 10 வரை கூடுதலாக வாங்குவதற்குப் பொருள் இருக்கிறது. காலை 6.30 முதல் 10.30 வரை என்று வைத்தது பழைய காலத்துத் தேவையைப் பார்த்து வைத்தது. ஒன்பது மணிக்கே வெயில் மின்சாரம் வந்துவிடும் இந்த நாளில் அதை மாற்ற வேண்டும். தொழில், வணிக இணைப்புகளுக்குப் பகல் வெயில் நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும் என்று 2023-இல் திருத்தப்பட்ட மத்திய விதி சொல்கிறது. பகலில் ஓடும் லேத் பட்டறைக்கு இதைவிடப் பயனுள்ள சலுகை வேறில்லை. உங்கள் சங்கத்தின் வழியாக இதை விடாமல் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் மின்கட்டணப் பட்டியலில் பதிவான அதிகபட்சத் தேவை என்று ஓர் எண் இருக்கும். இரண்டு ஆண்டுப் பட்டியல்களை எடுத்து, அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 50 கிலோவாட்டுக்கு உட்பட்ட இணைப்புக்கு 2022 ஆணையில் விகிதம் 75 ரூபாய்தான். அதைத் தாண்டினால் முழுச் சுமைக்கும் 150. இரண்டாவது சி.என்.சி. வராத நிலையில் உங்களுக்கு 60 தேவையே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில் 2: தாராபுரம் தோட்டக்காரன்

பொறியாளர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் அந்தக் கம்பி யார் தலைக்கு மேலே போகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் தோட்டம் ஆறு ஏக்கர். உயர் மின்னழுத்தப் பாதை குறுக்கே போகிறது. ஒரு கோபுரம் கிணற்று மேட்டிலேயே நிற்கிறது. காய்த்துக்கொண்டிருந்த முப்பத்தெட்டுத் தென்னைகளை வெட்டினார்கள். மரத்துக்குக் கணக்குப் போட்டுப் பணம் தந்தார்கள், அலைந்து அலைந்து இரண்டு ஆண்டு கழித்துக் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த இழப்புக்குத்தான் கணக்கே இல்லை. கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, கம்பிக்குக் கீழே வண்டியின் துளையிடும் கம்பத்தை உயர்த்த மாட்டேன் என்று திரும்பிப் போனார். தண்ணீர் ஓட்டம் இருந்த இடமோ சரியாக அங்கேதான். பனி விழும் விடியற்காலையில் கம்பியிலிருந்து எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற சத்தம் வரும். மாடுகள் இப்போது பழகிவிட்டன. என் தாயார் அந்தப் பக்கம் புல்லறுக்கப் போவதை நிறுத்திவிட்டார்.

மின்சாரத்துக்கு விவசாயி எதிரி அல்லன். யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் நடந்த போராட்டத்தில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட மண் இது. 1972-இல் கோவை நகரச் சாலைகளை மாட்டு வண்டிகளால் நிறைத்ததும் இதே மக்கள்தாம். மின்சாரத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். இன்று பம்பு செட்டுக்கு வரும் இலவச மின்சாரத்துக்குப் பின்னால் அந்த உயிர்களும் இருக்கின்றன.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை வந்திருக்கிறது. 6,000 மெகாவாட் சுமக்கும். இங்கே காற்று மிஞ்சும் காலத்தில் அதே பாதை வடக்கே மின்சாரத்தை அனுப்பவும் பயன்படும். புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் பாதை ஒன்று போகிறது. கொங்கு நாட்டில் அது கோபுரங்களின் மேல் போகிறது. கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியிலிருந்து நிலத்தடிக் கேபிளாகப் போகிறது. 2018 டிசம்பரில் எங்கள் மேற்கு மாவட்ட விவசாயிகள் நாள் கணக்கில் உட்கார்ந்து கேட்டது, சாலையோரமாக மண்ணுக்கடியில் கொண்டு போங்கள் என்பதைத்தான். கேபிள் என்றால் செலவு பல மடங்கு, அது கட்டணத்தில் ஏறும் என்று பதில் வந்தது. ஏறும் என்பதை நாங்களும் அறிவோம். ஆனால் அந்தச் செலவு இப்போதும் இல்லாமல் போய்விடவில்லையே. எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராமல் எங்கள் தோட்டம் அந்தச் செலவைச் சுமந்துகொண்டிருக்கிறது.

2015-இல் மத்திய மின்துறை அமைச்சகம் தந்த வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பிக்குக் கீழுள்ள பட்டைக்கு 15 விழுக்காடு வரை என்று இருந்தது. 2024 ஜூனில் அது 200 விழுக்காடு, 30 விழுக்காடு என்று உயர்ந்தது. இது நல்ல மாற்றம். ஆனால் எந்த மதிப்பில் கணக்கிடுகிறார்கள் என்பதே பெரிய சிக்கல். வழிகாட்டி மதிப்புக்கும் ஊரில் கைமாறும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒரே தொகையாகக் கொடுத்து முடிப்பதைவிட, காற்றாலைக்கு நிலம் கொடுத்தவர்களில் சிலருக்குக் கிடைப்பது போல, பாதை நிற்கும் வரை ஆண்டுதோறும் வாடகையாகத் தருவதே சரி என்பது எங்கள் கோரிக்கை. சின்னவேடம்பட்டி அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில் என்று நினைக்கிறேன். பாதைக்குரிய உண்மையான விலையை இன்னும் யாரும் முழுமையாகக் கொடுக்கத் தொடங்கவில்லை.

பதில் 3: திருப்பூர் நிட்டிங்

சூரிய மின்பலகை பற்றி அண்ணன் கேட்டதற்கு மட்டும் என் அனுபவத்தை எழுதுகிறேன். எங்கள் நிட்டிங் கம்பெனியில் 30 கிலோவாட் அமைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கிறது. உங்கள் 20 கிலோவாட்டுக்கு 80 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் இதில் பாதிகூட வராத நாள்கள் உண்டு.

நாங்கள் எதிர்பாராத தொல்லை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்தது. எங்கள் தெருவில் ஏழு கம்பெனிகளின் கூரையில் பலகை இருக்கிறது. ஞாயிறு அன்று எந்த மெஷினும் ஓடாது. எல்லோருடைய மின்சாரமும் ஒரே ட்ரான்ஸ்பார்மரை நோக்கிப் பாயும். மின்னழுத்தம் ஏறி, பலகையின் மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் திரையில் 254, 255 என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். 230-க்குப் பத்து விழுக்காடு மேலே, அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் அது தானாகவே விலகிக்கொள்ளும். உச்சி வெயிலில், வானம் கண்ணாடி போல் இருக்கும்போது, உற்பத்தி பூஜ்யம். ட்ரான்ஸ்பார்மரில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றினார்கள், ஓரளவு சரியானது. பக்கத்தில் இன்னொரு ட்ரான்ஸ்பார்மர் வைத்துச் சுமையைப் பிரித்த பிறகே முழுமையாகத் தீர்ந்தது. மின்கட்டமைப்பு மேம்பாடு என்றதும் எல்லோரும் பெரிய கோபுரங்களையே நினைக்கிறோம். நம் தெருமுனை ட்ரான்ஸ்பார்மரும் அதிலிருந்து வரும் கம்பியும் ஒரு பக்கமாக மட்டும் மின்சாரம் போவதற்கென அமைந்தவை. பெரிய பாதைக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது இங்கே காட்டினால், கோபுரமே நட வேண்டாத மின்சாரம் ஒவ்வொரு கூரையிலிருந்தும் கிடைக்கும்.

விண்ணப்பிக்கும் முன், உபரி மின்சாரத்தை எந்த முறையில் கணக்கில் எடுப்பார்கள் என்பதை எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு உள்ள விதி தொழிற்கூடத்துக்கு அப்படியே பொருந்தாது. கூரை மின்சாரத்தின் மீது, மின்கம்பி வலையமைப்பைப் பயன்படுத்துவதற்கென வாங்கும் வலையமைப்புக் கட்டணத்தை எதிர்த்துத் தொழில் அமைப்புகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதன் இப்போதைய நிலையையும் விசாரியுங்கள். மேலும் உங்கள் கூரை சிமெண்ட் ஷீட்டா, தகரமா? சிமெண்ட் ஷீட் என்றால் அதன் மேல் ஆளை ஏற்றவே கூடாது. முதலில் அதை மாற்றுங்கள். சுற்றிலும் ஃபவுண்டரி இருந்தால் கரித்தூள் படியும். நாங்கள் பத்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிறோம், கழுவிய மறுநாள் மீட்டரிலேயே வேறுபாடு தெரியும்.

கேள்வி கேட்டவர்: சின்னவேடம்பட்டி பட்டறை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகளை உட்கார வைத்து இருபத்து நான்கு மாதப் பட்டியல்களையும் பார்த்தோம். பதிவான அதிகபட்சத் தேவை ஒரே ஒரு மாதம் 43 கிலோவாட். மற்ற மாதங்களில் 36-ஐத் தாண்டவில்லை. வராத சி.என்.சி.க்காக இத்தனை ஆண்டு பணம் கட்டியிருக்கிறேன். 48 கிலோவாட்டாகக் குறைத்தால் 2022 விகிதப்படியே 9,000 ரூபாய் 3,600 ஆகிறது. மனு எழுதி வைத்துவிட்டேன். கூரை சிமெண்ட் ஷீட்தான். தை மாதம் தகரமாக மாற்றிய பிறகு 15 கிலோவாட்டில் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

தாராபுரம் தம்பி எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கம்பிக்காகக் கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டும் என்றால், அதில் இன்ன பங்கு நிலம் கொடுத்தவருக்குப் போகிறது என்று பட்டியலில் தனி வரியாக அச்சிட்டுத் தரட்டும். நான் முகம் சுளிக்காமல் கட்டுவேன். இப்போது எதற்குக் கட்டுகிறோம் என்பதே தெரியவில்லை.

பொறியாளர் ஐயாவிடம் ஓர் ஐயம். காலையில் பட்டறையைத் திறந்ததும் கம்ப்ரஸரும் லேத்துகளும் ஒன்றாகக் கிளம்பும். அந்த நேரத்தில் 48-ஐத் தாண்டிவிட்டால் அபராதம் வராதா?

பதில் 4: ஓய்வு பெற்ற மின்பொறியாளர், ஈரோடு

வராது ஐயா. மோட்டார் கிளம்பும்போது சில நொடிகள் இழுக்கும் மின்னோட்டத்தை அதிகபட்சத் தேவை என்ற அந்த எண் காட்டுவதில்லை. தொடர்ச்சியான முப்பது நிமிடங்களில் நீங்கள் எடுத்த மின்சாரத்தின் சராசரியே அது. ஆனாலும் கம்ப்ரஸரை முதலில் ஓட்டி, தொட்டி நிரம்பிய பிறகு லேத்துகளை ஒவ்வொன்றாகத் தொடங்கச் சொல்லுங்கள். 43 ஏறிய அந்த ஒரு மாதத்தில் என்ன வேலை நடந்தது என்பதையும் ஆர்டர் நோட்டில் பார்த்துவிட்டு மனுவைக் கொடுங்கள். அதே வேலை மீண்டும் வரும் என்றால் 48-இல் உங்களுக்கு மிச்சமிருப்பது 5 கிலோவாட் மட்டும்தான்.